மணிக்கட்டைப் பிடித்தவன் நான்

எழுபதுகளில் ஒரு சனிக்கிழமை பிற்பகல், திருகோணமலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் இருந்த ஓர் அச்சகத்தில், ஒரு மனிதரின் வலது கையை நான் பிடித்துக்கொண்டு நின்றேன். இன்னொருவன் அதை அடித்து நொறுக்கினான். நான் அடிக்கவில்லை, பிடித்தேன், அவ்வளவுதான் என்று நெடுங்காலம் எனக்கே சொல்லிக்கொண்டு திரிந்தேன். அதை நம்புவதற்கு நான் பட்ட பாடு கொஞ்சமல்ல.

அப்போது எனக்கு இருபத்துமூன்று வயது. அப்பா கடற்படைத் தளத்தில் கூலியாக இருந்தவர். வெள்ளைக்காரன் தளத்தை விட்டுப் போனதோடு அவருடைய வேலையும் போனது. பிறகு துறைமுகத்தில் ஆள் கூப்பிட்ட நாட்களில் மூட்டை சுமந்தார். நான் உயர்தரப் பரீட்சையில் இரண்டு பாடங்களைக் கோட்டை விட்டவன். கணக்கில் என் அறிவு ஆறாம் வகுப்போடு நின்றுபோயிருந்தது. ஆனாலும் நான் வாத்தியாராக வேண்டும் என்று வீட்டில் எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அதற்குப் படிப்புத் தேவையில்லை, துண்டு இருந்தால் போதும் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

துண்டு என்பது ஆளுங்கட்சியின் உள்ளூர் அமைப்பாளர் எழுதித் தருகிற கடிதம். 'இவர் நம்மவர்' என்று அதில் ஒரு வரி இருந்தால் நியமனம் தானாக வரும். அமைப்பாளர் பெரிய சிமெந்து வியாபாரி. வேட்டியில் ஒரு சுருக்கம் விழாத மனிதர். காலையில் அவர் வீட்டு வாசலில் நாங்கள் வரிசையில் நிற்போம். எல்லோரையும் தம்பி என்றுதான் கூப்பிடுவார்.

"தம்பி, தேர்தல் முடியட்டும். வாக்குப்பெட்டி நிறைஞ்சா உமக்கொரு பள்ளிக்கூடம் இருக்கு. நான் சொன்னா சொன்னதுதான்."

அந்த ஒரு பேச்சுக்காக மாதக்கணக்கில் சுவரொட்டி ஒட்டினேன். எங்கள் கூட்டத்தில் ஐந்து பேர். தலைவன் இறங்குதுறையில் கோதுமை மா மூட்டை இறக்கும் ஒரு சண்டியன். முன்பல்லில் தங்கம் கட்டியிருந்தான். அமைப்பாளர் கையைக் காட்டினால் இவன் காலை உடைத்துவிட்டு வருவான்.

அந்தச் சனிக்கிழமை அமைப்பாளர் எங்கள் ஐந்து பேருக்கும் காலைக் காட்சிக்கு டிக்கெட் எடுத்துக் கொடுத்திருந்தார். இந்தியப் படம். பரீட்சைத் தாளை விற்கும் அரசியல்வாதியைக் கல்லூரி மாணவனான கதாநாயகன் மேடையிலேயே சட்டையைப் பிடித்து இழுத்து அறைவான். தியேட்டர் அதிர்ந்தது. நான் கதிரையில் ஏறி நின்று விசிலடித்தேன். பரீட்சையில் தோற்றுப்போன மகனைக் கட்டிக்கொண்டு கதாநாயகனின் தாய் அழுதபோது, சண்டியன் சாரத்தின் தொங்கலால் கண்ணைத் துடைத்தான். நான் பார்ப்பதைக் கண்டு மறுபக்கம் திரும்பிக்கொண்டான்.

வெளியே வந்ததும் அவன் சொன்னான்:

"இப்ப எங்கட வேலை. ஐயாவைப் பற்றிப் பள்ளிக்கூட மாஸ்டர் ஒருத்தர் புத்தகம் அடிக்கிறாராம். துண்டு குடுத்து வாத்திமாரைச் சேர்க்கிற கதையாம். வாங்கோ."

"நீ வாசிச்சியா?" என்று கேட்டேன்.

"எனக்கென்னத்துக்கு வாசிப்பு?"

எங்களில் ஒருவரும் அதை வாசித்திருக்கவில்லை.

அச்சகத்தை நடத்தியவர் கிண்ணியாவைச் சேர்ந்த ஐம்பது வயது மனிதர். காலால் மிதித்து ஓட்டும் ஓர் இயந்திரமும், சுவர் நீளத்துக்கு ஈய எழுத்துகள் வைத்த மரத்தட்டுகளும்தான் அவருடைய சொத்து. நாங்கள் நுழைந்தபோது மாஸ்டரும் அங்கே இருந்தார். நாற்பது வயதிருக்கும். விஞ்ஞானம் படிப்பிக்கிறவர் என்று கேள்விப்பட்டிருந்தேன். அச்சான தாள்களைக் கல்மேசையில் வைத்து மடித்துக்கொண்டிருந்தார்.

"தம்பிமார், என்ன வேணும்?" என்று எழுந்தார் அச்சகக்காரர்.

சண்டியன் எழுத்துத் தட்டொன்றை உருவி நிலத்தில் கவிழ்த்தான். எழுத்துகள் மழை போலக் கொட்டின. பிறகு மற்றவர்களும் தொடங்கினார்கள். அச்சகக்காரர் "அல்லாஹ்வுக்காக விடுங்க, வாப்பா காலத்து எழுத்து" என்று கத்திக்கொண்டு நிலத்தில் விழுந்து இரு கைகளாலும் வழித்து அள்ளினார். ஒருவன் அவர் முதுகில் மிதித்தான். நான் தாள்கட்டுகளை முற்றத்துக்கு இழுத்துப்போய் மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினேன். அது என் வேலை. எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, அந்த நேரத்தில் நான் சந்தோஷமாக இருந்தேன். படத்தில் பார்த்தது முடியாமல் இன்னும் ஓடிக்கொண்டிருப்பது போலவும், நானும் அதற்குள் நிற்பது போலவும் இருந்தது.

திரும்பி உள்ளே வந்தபோது மாஸ்டர் கல்மேசையை விட்டு அசையாமல் நின்றார். கடைசித் தாள்கட்டைத் தன் நெஞ்சோடு அணைத்திருந்தார். சண்டியன் அவர் முகத்தில் குத்தினான். கண்ணாடி உடைந்து புருவம் கிழிந்தது. கட்டு விழுந்து சிதறியது.

"இந்தக் கையாலதானே எழுதினனீ?" என்றான் சண்டியன். "பிடியடா அந்தக் கையை."

என்னைத்தான் சொன்னான். நான் போய் மாஸ்டரின் வலது மணிக்கட்டைப் பிடித்துக் கல்லின்மேல் அழுத்தினேன். என் விரல்களுக்குக் கீழே நாடி துடித்தது. அவர் திமிறவில்லை. என் முகத்தைப் பார்த்தார்.

"விடும் தம்பி. நீர் இதைச் செய்யாதேயும்."

நான் விடவில்லை. சண்டியன் எழுத்துப் பக்கங்களை இறுக்கும் இரும்புச் சட்டத்தைத் தூக்கி விரல்களில் போட்டான். இரண்டு தரம். மூன்றாம் தரம் முறிந்த சத்தம், கந்தளாயில் கரும்பு முறிப்பார்களே, அந்தச் சத்தம். மாஸ்டர் வாய் திறந்தார், ஓசை வரவில்லை. நான் கையை எடுத்தபோது அவர் மணிக்கட்டில் என் ஐந்து விரல்களும் வெள்ளையாகப் பதிந்திருந்தன.

வீட்டுக்குப் போனேன். அம்மா என் சட்டையில் இருந்த இரத்தத்தைக் கண்டார். ஒன்றும் கேட்காமல் வாங்கிக் கிணற்றடிக்குக் கொண்டுபோய்க் கசக்கினார். அலசிப் பிழிந்து கொடியில் போட்ட பிறகுதான் வாய் திறந்தார்:

"இனி வேலை நிச்சயம், என்ன?"

"ஓம் அம்மா."

தேர்தல் நாளில் செத்துப்போன இரண்டு பேரின் பெயரில் வாக்குப் போட்டேன். விரல் மையைத் தேசிக்காய்ச் சாறு போட்டுத் தேய்த்ததில் தோல்தான் எரிந்தது. மூன்றாவது தரம் போனபோது எதிர்க்கட்சி முகவர் ஒருவர் எழுந்து "இவர் காலையிலயும் வந்தவர்" என்றார். மத்தியானம் சாப்பிட வெளியே வந்த அந்த மனிதரைப் எங்கள் ஆட்கள் பள்ளிக்கூட மதிலோடு சாய்த்து சைக்கிள் செயினால் அடித்தார்கள். காவலுக்கு நின்ற பொலிஸ்காரர் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தேடிக்கொண்டிருந்தார்.

பெட்டி நிறைந்தது. எனக்கு நியமனக் கடிதமும் வந்தது. தோப்பூருக்கு அப்பால் வயல்களுக்கு நடுவே ஒரு பள்ளிக்கூடம். பாடம், கணிதம்.

திங்கட்கிழமை லோஞ்சில் கடல் கடந்து மூதூருக்குப் போய், பஸ் பிடித்துப் போவேன். வெள்ளிக்கிழமை திரும்புவேன். வகுப்பில் எனக்குத் தெரியாததை எல்லாம் பிரம்பைக் கொண்டு மறைத்தேன். கேள்வி கேட்கிறவனுக்கு அடி. விடை சொல்லாதவனுக்கும் அடி. பிள்ளைகள் என்னைக் கண்டால் மூச்சுக் காட்ட மாட்டார்கள். நல்ல கட்டுப்பாடு என்று பள்ளிக்கூட அதிபர் மெச்சினார்.

ஒருநாள் எட்டாம் வகுப்பில் பின்னக் கணக்கு. கரும்பலகையில் போட்டு முடித்துத் திரும்பினேன். முன்வரிசையில் ஒரு பெண்பிள்ளை எழுந்தாள்.

"சேர், அது பிழை. வகுக்கிறதெண்டா மற்றப் பின்னத்தைத் தலைகீழாக்கோணும்."

யாரோ பின்னால் சிரித்தார்கள். கையை நீட்டச் சொன்னேன். நீட்டினாள். பிரம்பு நுனியில் பிளக்கும்வரை அடித்தேன். ஐந்தாறு அடிக்குப் பிறகு அவள் கையை இழுத்தாள். நான் மணிக்கட்டைப் பிடித்து மேசையில் அழுத்திக்கொண்டு அடித்தேன். அவளுடைய நாடி என் விரலில் துடித்தபோதுதான் நான் எங்கே நிற்கிறேன் என்று தெரிந்தது. பிரம்பைக் கீழே போட்டேன்.

அடுத்தநாள் அவளுடைய தகப்பன் வந்தார். வயல்காரர், காலில் சேறு காயவில்லை. என்னைக் கொல்லத்தான் வருகிறார் என்று நினைத்து எழுந்து நின்றேன். அவர் கை கட்டிக்கொண்டு சொன்னார்:

"மகள் வாய் காட்டிட்டாளாம் சேர். மன்னிச்சுக்குங்க. கை வீங்கிட்டு, ரெண்டு நாளைக்கு எழுத ஏலாது. அடிச்செண்டாலும் படிப்பிச்சுக் குடுங்க. எனக்குத்தான் எழுத்து வராது."

"பிழை என்னுடையது. பிள்ளை சொன்னதுதான் சரி" என்றேன். அவருக்கு அது விளங்கவில்லை. வாத்தியார் பகிடி விடுகிறார் என்று நினைத்துச் சங்கடமாகச் சிரித்துவிட்டுப் போனார்.

அந்த வாரம் ஆசிரியர் அறை அலுமாரியில் கரும்பலகைச் சோக்குப் பெட்டி தேடும்போது, செய்தித்தாளில் சுற்றிய மெல்லிய புத்தகமொன்று அகப்பட்டது. மாஸ்டரின் புத்தகம். நாங்கள் எரிப்பதற்கு முன்பே கொஞ்சப் பிரதிகள் தபாலில் போயிருந்தன என்பது எங்களுக்குத் தெரியாது. அங்கேயே நின்று வாசித்தேன். அமைப்பாளரைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. முதற்கதையில் ஒரு வாத்தியார் வருகிறார். துண்டு வாங்கி வேலைக்கு வந்தவர். பாடம் தெரியாத வெட்கத்தில் பிள்ளைகளை அடிக்கிறார். கதையின் கடைசியில் அடிக்குறிப்பு மாதிரி எழுதியிருந்தது: இந்த வாத்தியார் நான்தான், என்னிடம் அடி வாங்கிய பிள்ளைகளுக்கு இந்தப் புத்தகம்.

படத்தில் கெட்டவன் ஒருவன் இருந்தான், நாங்கள் அறைந்து தீர்த்தோம். இந்தப் புத்தகத்தில் அறைவதற்கு யாரும் இல்லை, எழுதியவரைத் தவிர. அவரையும் நாங்கள் விட்டுவைக்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அன்புவழிபுரத்தில் அவர் வீட்டைத் தேடிப் போனேன். விறாந்தையில் கதிரை போட்டு இருந்தார். மடியில் கொப்பி. இடது கையால் எழுதிக்கொண்டிருந்தார், முதலாம் வகுப்புப் பிள்ளையின் எழுத்து. வலது கை துவாயால் மூடியிருந்தது.

"சேர், நான்தான் அண்டைக்கு உங்கட கையைப் பிடிச்சனான்."

"தெரியும். உம்மட முகத்தைத்தானே பார்த்துக்கொண்டிருந்தனான்."

குசினிக்குள் இருந்து அவருடைய மனைவி வந்தார். கையில் வீடு கூட்டுகிற தும்புத்தடி. என்னை அடித்தார். தோளில், காதில், தலையில். மாஸ்டர் தடுக்கவில்லை. நானும் நகரவில்லை. தடி முறிந்ததும் அந்த அம்மா சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கினார்.

"சட்டைப் பொத்தானை நான்தான் பூட்டிவிடுறன், தெரியுமே? சோறு பிசைய ஏலாது இந்த மனுசனுக்கு."

மாஸ்டர் என்னைக் கேட்டார்: "மன்னிப்புக் கேக்க வந்தனீரோ?"

"ஓம் சேர்."

"அது எனக்கு வேண்டாம். முறைப்பாடு பொலிஸில கிடக்கு. ஆரார் வந்தது, ஆர் அனுப்பினது எண்டு போய்ச் சொல்லும். ஏலாதெண்டால் இந்த வாசல் படலைப் பக்கம் வராதேயும்."

இரண்டு வாரம் எனக்குத் துணிவு வரவில்லை. மூன்றாம் வாரம் பொலிஸுக்குப் போனேன். சார்ஜன்ட் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "உமக்கு விசரோ? உம்மட பெயரும் இதில வரும்" என்றார். வரட்டும், எழுதுங்கள் என்றேன். எழுதினார். நான் வீடு போய்ச் சேரும் முன்னமே அமைப்பாளருக்குத் தெரிந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை பிற்பகல் மூதூரிலிருந்து லோஞ்சில் வந்து இறங்கினேன். இறங்குதுறையில் சண்டியன் நின்றான். சனம் மூட்டை முடிச்சோடு இறங்கிக்கொண்டிருந்தது. அவன் முகத்தில் கோபமே இல்லை.

"மச்சான், எனக்கு உன்னோட ஒரு கோவமும் இல்ல" என்று சொல்லிக்கொண்டே செயினைச் சுழற்றினான்.

முதல் அடியில் தாடை கழன்றது. நிலத்தில் விழுந்த என்னை இரண்டு பேர் பிடித்துக்கொண்டார்கள். வாய்க்குள் பற்கள் சிறு கற்கள் போல உருண்டன. இறங்கிய சனம் எங்களைச் சுற்றி விலகிப் போனது. ஒரு மீன்காரி மட்டும் "செத்துப்போவான், விடுங்கடா" என்று கூடையால் ஒருவனை இடித்தார். அது நினைவிருக்கிறது. மற்றதெல்லாம் இருட்டு.

ஆஸ்பத்திரியில் நாலாம் நாள் மாஸ்டரின் மனைவி வந்தார். கட்டிலின் காலடியில் நின்று கட்டுப்போட்ட என் முகத்தை நெடுநேரம் பார்த்தார்.

"பல்லும் போச்சோ?"

தலையாட்டினேன்.

"அப்ப சோறு ஏலாது. கஞ்சிதான்," என்றுவிட்டுப் போய்விட்டார். அது இரக்கமா, கணக்குத் தீர்ந்த திருப்தியா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

என் நியமனம் ரத்தானது. வழக்கு இழுபட்டது. அச்சகக்காரர் சாட்சி சொல்ல வரவில்லை, அவருக்குத் தொழில் நடக்க வேண்டும். நான் கூண்டில் ஏறி எல்லாவற்றையும் சொன்னேன். சண்டியன் சிறைக்குப் போனான். எனக்கும் தண்டனை கிடைத்தது, ஒத்திவைத்தார்கள். அமைப்பாளரைத் தொட ஆதாரம் போதவில்லை. அடுத்த தேர்தலில் அவர் கட்சி மாறி நின்று, கல்வியில் ஊழலை ஒழிப்பேன் என்று மேடையில் முழங்கினார். சனம் கை தட்டியது. நான் கந்தளாயில் ஓர் அரிசி ஆலையில் வேலைக்குச் சேர்ந்தேன்.

மாஸ்டர் அதற்குப் பிறகு என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. எண்பதுகளின் தொடக்கத்தில் அவர் இறந்த செய்தி கேட்டு அன்புவழிபுரத்துக்குப் போனேன். படலையடியில் நின்றேன். அவருடைய மனைவி என்னைக் கண்டார். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. செத்தவீட்டுக்குக் கதிரைகள் ஏற்றிய லொறியொன்று தெருவில் வந்து நின்றது. இறக்க ஆள் போதவில்லை. நான் சட்டையைக் கழற்றி மதிலில் போட்டுவிட்டு, லொறியின் பின்பக்கம் போனேன்.