முத்திருளன் அண்ணனின் இடது கால்

முத்திருளன் அண்ணன் டவுன் பஸ் டிரைவர். பெரியார் பஸ் ஸ்டாண்டுக்கும் அலங்காநல்லூருக்கும் அவர் ஓட்ட, அதே வண்டியில் நான் கண்டக்டர். மனுஷன் வாயைத் திறந்தால் இடது காலைப் பற்றிய புலம்பல்தான். டிரைவர் சீட்டுக்கு இடப்பக்கம் இன்ஜின். அதன் மூடிக்கு அடியில் சூடு தடுக்கப் போட்ட மெத்தை கிழிந்து எத்தனையோ காலமாகிறது. சித்திரை வெயிலில் கிளட்ச் மிதிக்கிற கால் வெந்தே போகும். டெப்போவில் சொல்லிச் சொல்லி எங்கள் இருவருக்கும் வாய் வலித்ததுதான் மிச்சம். செருப்பு வழுக்குகிறது என்று அதையும் கழற்றிப் போட்டுவிட்டுத்தான் ஓட்டுவார்.

சர்க்கரை வந்தும் மாத்திரையை ஒழுங்காகப் போடமாட்டார். போட்டால் அடிக்கடி ஒன்றுக்கு வருகிறது, டிரிப்புக்கு நடுவே எங்கே இறங்கி ஓடுவது என்பார்.

இந்தக் கோடையில் ஒரு மதியம், அலங்காநல்லூரில் வண்டியை நிறுத்தி டீ குடிக்கும்போது அண்ணன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

“பரீத்து, மெத்தைய மாத்திட்டாய்ங்கடா. ஒரு வாரமா கால்ல சூடே தெரியல.”

நாம் கத்தியது ஒருவழியாகக் காதில் விழுந்துவிட்டது என்று எனக்கும் மனசு குளிர்ந்துபோனது. வண்டியில் ஏறி மூடியைத் தொட்டேன். கை பொசுங்கியது. கிழிந்த மெத்தை கிழிந்தபடியே தொங்கியது.

இறங்கி ஓடிவந்து அவர் காலைத் தூக்கிப் பார்த்தேன். பாதத்தின் வெளிப்பக்கம் வெந்து, கொப்புளம் உடைந்து, சீழ் வைத்திருந்தது. அண்ணனும் குனிந்து பார்த்தார். “வலிக்கலையேடா” என்றார்.

சர்க்கரையில் பாதத்து உணர்ச்சியே செத்துவிட்டது, காலை எடுக்கவேண்டும் என்றார்கள் ஆஸ்பத்திரியில். கால் போனால் ஸ்டியரிங்கும் போச்சு. கிளட்ச் மிதிக்கிற அளவுக்காவது விட்டுவையுங்கள் என்று டாக்டர் கையைப் பிடித்துக் கெஞ்சினார், பாவி மனுஷன். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். சர்க்கரையைக் கவனிக்காதது அவர் தப்புதானே என்று டெப்போவில் பேசிக்கொள்கிறார்கள். நல்லா வருது எனக்கு வாயில்.

நேற்று மதியம் வீட்டுக்குப் போனேன். அண்ணன் கட்டிலில் கண்ணை இறுக மூடிக் கிடந்தார். அவர் மனைவி பாண்டீஸ்வரி அக்கா, கட்டிலில் பாதம் இல்லாத இடத்தைப் பார்த்து விசிறிக்கொண்டிருந்தார்.

“மத்தியானமானா பாதம் எரியுதுங்கிறாரு தம்பி. கால்தான் இல்லையேன்னா அழுகுறாரு.”

என் குரல் கேட்டு அண்ணன் கண்ணைத் திறந்தார்.

“சுடுதுடா பரீத்து. மெத்தைய மாத்தச் சொல்லுடா.”

சொல்றேன் அண்ணே என்றேன். அக்காவுக்குக் கை ஓய்ந்துபோயிருந்தது. விசிறியை வாங்கி நான் வீச ஆரம்பித்தேன்.