அறிக்கையில் இருந்த 'உன்'

குழந்தை பிறந்த விடுப்பு முடிந்து ஜெர்மனியின் டோர்ட்மண்ட் ஆய்வகத்துக்குத் திரும்பிய அன்றே மைக்ரோஸ்கோப் முன்னால் உட்காரவைத்துவிட்டார்கள். எலும்பில் உள்ள அபடைட் கனிமத்தில் கொஞ்சம் கால்சியத்தை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் கோபால்ட்டை வைத்து, உடைந்த எலும்பை நிரப்பும் பொருள் ஒன்றைச் செய்திருந்தார்கள். அது மரபணுவைச் சிதைக்கிறதா என்று பார்ப்பது என் வேலை.

அந்தப் பொருள் ஊறிய திரவத்தில் செல்களை வளர்ப்போம். மரபணு சிதைந்திருந்தால், செல் பிரிந்த பிறகு பெரிய உட்கருவுக்குப் பக்கத்தில் நுண்கரு ஒன்று புள்ளியாகத் தனித்து நிற்கும். அதை எண்ண வேண்டும். எண்ணுபவருக்கு எது கோபால்ட் ஸ்லைடு, எது கோபால்ட் இல்லாதது என்று தெரியக் கூடாது. அதனால் எங்கள் டெக்னீஷியன், யாழ்ப்பாணத்துச் சுகந்தி அக்கா, பெயர்களை மறைத்துக் குறியீடு ஒட்டித் தருவார்.

எண்ணினேன். நம்பிக்கை வராமல் மறுபடியும் எண்ணினேன். குறியீட்டைப் பிரித்தபோது கோபால்ட் ஸ்லைடுகளில்தான் நுண்கரு அதிகம்.

குழுத் தலைவர் எண்களைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார். குழந்தை இரவில் தூங்குகிறதா என்று கேட்டார். இல்லை என்று உண்மையைச் சொன்னேன்.

"புதிதாகத் தாயானவர்களுக்கு எங்கும் ஆபத்துதான் தெரியும். இது உன் பயம். 'உன்அவுஃபெல்லிஷ்' என்று அறிக்கை அடித்துவைத்திருக்கிறேன், கையெழுத்துப் போடு."

ஜெர்மனில், குறிப்பிடும்படி எதுவும் இல்லை என்று பொருள். முந்தைய வாரம்தான் குழந்தை மருத்துவர் என் மகளைச் சோதித்துவிட்டு அதே சொல்லைச் சொல்லியிருந்தார். அதன் பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. யாரோ ஒழுங்காகப் பார்த்திருக்கிறார்கள் என்று நம்பித்தானே ஒரு தாய் அந்தச் சொல்லை வாங்கிக்கொள்கிறாள்? ஒருவேளை தலைவர் சொல்வது சரியோ என்றும் தோன்றியது. அப்படித் தோன்றியதற்கே இன்னும் கோபம் வந்தது.

சுகந்தி அக்காவிடம் சொன்னேன். அவர் நிமிரக்கூட இல்லை. "நித்திரை இல்லாமல் பிழை விட்டிருந்தா எல்லா ஸ்லைட்டிலயும் விட்டிருப்பீர். கோபால்ட் வரேக்க மட்டும் பாத்து நித்திரை கொண்டனீரோ?"

திரும்பிப் போய்க் குழுத் தலைவரிடம், "நீங்களே எண்ணுங்கள். நீங்கள் நன்றாகத் தூங்கியிருப்பீர்கள்" என்றேன். அக்கா புதுக் குறியீடு ஒட்டினார். தலைவர் சிரித்துக்கொண்டேதான் உட்கார்ந்தார். பிரித்துப் பார்த்தால், கோபால்ட் ஸ்லைடுகளில் அவர் எண்ணியது நான் எண்ணியதைவிட அதிகம்.

மன்னிப்புக் கேட்கவில்லை. கோபால்ட்டைக் குறைத்துச் செய்து பார்க்கலாமே என்றார், ஏதோ தனக்கே தோன்றியதுபோல. எனக்கு இன்னும் ஆறவில்லை.

அவர் முன்கூட்டியே அடித்துவைத்திருந்த அறிக்கையைத் திறந்தேன். 'உன்அவுஃபெல்லிஷ்' என்ற சொல்லின் முன்னால் மறுப்பாக நிற்கும் 'உன்' போனால் போதும், கவனிக்க வேண்டியது என்று பொருள் மாறிவிடும். அழித்தேன். பின்னால் நின்ற அக்கா சொன்னார்:

"'உன்' போயிட்டுது, பாரும். இனி இது உம்மட பயமில்லை, அவையின்ர பயம்."

இங்கே வேலைக்கு வரும் பெண்களுக்கு ஒன்று சொல்வேன். எண்களைக் காட்டும்போது யாராவது உங்கள் தூக்கத்தைப் பற்றி விசாரித்தால் பதில் சொல்லாதீர்கள். ஸ்லைடை அவர் பக்கம் தள்ளுங்கள்.