அத்தைக்கு ஏற்ற கறுப்பு

நான் அந்தப் படத்தை ஹால் சுவரில் மாட்டிய ஞாயிற்றுக்கிழமை காலையில் என் மாமியார் உயிரோடு, நல்ல உடம்போடு, அடுப்படியில் கருவாட்டுக் குழம்பைக் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தார். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் கால் மணி நேரம் கழித்து வீட்டுக்கு வந்த ஒருவர் வேறு மாதிரி நினைத்துவிட்டார்.

படம் மாமல்லபுரத்தில் எடுத்தது. செங்கல்பட்டிலிருந்து பஸ் பிடித்து அத்தையும் நானும் மட்டும் போயிருந்தோம். புடவையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு கரையில் நின்றவரின் ஒற்றைச் செருப்பை ஓர் அலை இழுத்துக்கொண்டு போனது. வேறு யாராவது என்றால் அலையைத் திட்டியிருப்பார்கள். அத்தை மீதிச் செருப்பையும் கழற்றி, "இதையும் எத்துகினு போ, ஒத்தையா வெச்சிகினு நீ இன்னா பண்ணுவ" என்று கடலுக்குள் வீசிவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்புதான் படம். வெறுங்காலோடு பஸ் ஏறி வீடு வந்து சேரும் வரை இருவரும் அதையே சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

எனக்கு சிறுசேரியில் வேலை. நாள் முழுக்கத் திரையையே பார்க்கிறவளுக்குக் கையால் தொட்டுப் பார்க்கிற மாதிரி எதையாவது செய்ய வேண்டும் என்று ஓர் அரிப்பு. அதனால் எடுத்த படங்களைக் கறுப்பு வெள்ளையாக்கி வீட்டு பிரிண்டரிலேயே அச்சிடுவேன். ஆனால் கலர் இங்க்கை வைத்துக்கொண்டு கறுப்பு வெள்ளை போடுவது சாம்பார்ப் பொடியில் ரசம் வைக்கிற கதைதான். பிரிண்டர் எல்லா நிறத்தையும் கொஞ்சம் கொஞ்சம் கலந்து சாம்பல் நிறம் என்று காட்டும். டியூப் லைட்டில் பார்த்தால் அது பச்சை, ஜன்னலோரம் கொண்டுபோனால் ரோஸ். முதல் பிரதியைப் பார்த்த அத்தை, தனக்கு எப்போது காமாலை வந்தது என்று என்னைக் கேட்டார்.

ரோஷம் வந்துவிட்டது. கறுப்பும், அதை நீர்க்க வைத்த மாதிரி மூன்று சாம்பல் நிறங்களும் மட்டும் உள்ள இங்க் தனியாகக் கிடைக்கிறது என்று தேடிக் கண்டுபிடித்தேன். அதிலும் இரண்டு வகை. ஒன்றில் கறுப்புக்குள் லேசாக நீலம் ஓடும், இன்னொன்றில் பழுப்பு ஓடும். நான் நீலத்தை வாங்கினேன். காரணம் பெரிதாக ஒன்றுமில்லை, பார்க்க ஸ்டைலாக இருந்தது. பாறையும் கடலும் அதில் பிரமாதமாக வந்தன. அத்தையும் பிரமாதமாகத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். சட்டம் போட்டு எடுத்துவந்து, ஹாலில் சும்மா இருந்த ஒரே ஆணியில் மாட்டினேன்.

அந்த ஆணிக்குப் பக்கத்தில் மாமனாரின் அப்பாவும் அம்மாவும் கறுப்பு வெள்ளையில், சந்தன மாலையோடு இருந்தார்கள். மூன்றாவதாக அத்தை. எனக்கு அது உறைக்கவே இல்லை. என் கவனம் முழுக்க இங்க்கில் இருந்தது.

அத்தையின் ஒன்றுவிட்ட தங்கை, தன் மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க வந்தார். செருப்பை விட்டுவிட்டு உள்ளே வந்தவர் சுவரைப் பார்த்தார். கையிலிருந்த தாம்பாளம் சரிந்து வெற்றிலை, பாக்கு, குங்குமம் எல்லாம் தரையில் கொட்டியது. அக்கா போன சேதியை ஒரு போன் போட்டுக்கூடச் சொல்லவில்லையே என்று தலையில் அடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார். சத்தம் கேட்டு அக்கா கரண்டியோடு வெளியே வந்தார். தங்கை பேயறைந்த மாதிரி பார்த்தார். மாமனார் பேப்பருக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரிப்பில் குலுங்கினார். நான் குனிந்து வெற்றிலையைப் பொறுக்க ஆரம்பித்தேன்.

செருப்பு போனதற்கே அப்படிச் சிரித்தவர், இதற்கும் சிரித்துவிடுவார் என்றுதான் எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. தங்கையைத் தேற்றிச் சாப்பிட வைத்து அனுப்பினார். பிறகு படத்தைக் கழற்றி, பீரோவுக்குப் பின்னால் முகம் சுவரைப் பார்க்க வைத்தார். "இனிமே என்னிய போட்டோ புடிக்காத" என்றார். அதோடு பேச்சு நின்றது.

ஊர் வாய் சும்மா இருக்குமா? மருமகள் மாமியாருக்கு இப்போதே சுவரில் இடம் பிடித்து வைத்துவிட்டாள் என்று சொந்தத்துக்குள் பேச்சு சுற்றியது. அது அத்தையின் காதுக்கும் வந்தது. மாமனார்தான் இதை என்னிடம் சொன்னார்.

தினமும் நான் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்ததும் இருவரும் மாடிப்படியில் உட்கார்ந்து காபி குடிப்போம். ஆபீசில் எனக்குப் பிடிக்காதவர்கள் அத்தனை பேரையும் அத்தைக்கும் பிடிக்காது, ஒருவரையும் பார்த்ததில்லை என்றாலும். இப்போது காபி மூடி வைத்திருக்கும், அத்தை இருக்கமாட்டார். என் காதில் விழும்படி மாமனாரிடம், காபி ஆறுகிறது என்று சொல்லச் சொல்வார். ஒரு வாரம் இப்படிப் போனது. எனக்குத் தாங்கவில்லை. கல்யாணமாகி வந்த வீட்டில் எனக்குக் கிடைத்த சிநேகிதி அவர். ஓர் ஆணியில் அந்தச் சிநேகிதத்தைத் தொலைத்துவிட்டேனே என்று இருந்தது.

ஒரு சனிக்கிழமை படத்தை எடுத்து நன்றாகப் பார்த்தேன். குற்றம் ஆணியில் மட்டும் இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. பாறைக்கு அழகாக இருந்த அந்த நீலக் கறுப்பு, கன்னத்தில் ஏறியதும் அத்தையும் பாறையாகிவிட்டார். சிரிப்பு இருந்தது, சூடு இல்லை. தங்கை கதறியதில் தப்பே இல்லை.

பழுப்பு ஓடுகிற இங்க்கை வரவழைத்தேன். பழையதைக் கழுவி வெளியேற்றி, புதியதைச் சிரிஞ்சில் ஏற்றி நிரப்புவதற்குள் விரல், நைட்டி, தரை எல்லாம் கறுப்பு. பிரிண்டர் போட்டுக் காட்டும் சோதனைக் கோடுகள் பாதி வரவில்லை. செங்கல்பட்டு வெயிலுக்கு உள்ளே எங்கோ இங்க் காய்ந்து அடைத்துக்கொண்டிருந்தது. அதைச் சரிசெய்ய ஒரு முழு நாள் போனது. பிறகு அத்தையின் முகத்தை மட்டும் விரல் நீளத்துக்கு ஆறு துண்டுத் தாள்களில் அச்சிட்டேன். ஒவ்வொன்றிலும் பழுப்பு கொஞ்சம் கூட, கொஞ்சம் குறைய. காலை வெளிச்சத்தில் பார்க்கலாம் என்று சமையல் மேடையில் வரிசையாக வைத்துவிட்டுத் தள்ளி நின்றேன். மேடையில் வைத்தது யதார்த்தமாக என்று சொன்னால் பொய்.

அத்தை பால் காய்ச்ச வந்தார். பார்க்காத மாதிரி பார்த்தார். பால் பொங்கியது, அடுப்பை அணைத்தார், மறுபடி பார்த்தார். நான்காவது துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனார்.

"இது கீதே, இதான் நானு," என்றார். "என் கண்ணாலத்துல எடுத்தானே போட்டோ, அதுல வெள்ளையா ஒருத்தி நிக்கிறா. அது யாருன்னு இன்னிக்கி வரைக்கும் எனக்குத் தெரியாது."

அத்தை நல்ல கறுப்பு. எந்த ஸ்டுடியோவும் அதை வெளுக்காமல் விட்டதில்லை. இத்தனை நாளுக்குப் பிறகு என்னிடம் பேசிய குரலும் அவர் சொன்னதும் சேர்ந்து எனக்கு அழுகை வந்துவிட்டது. மறுபடி மாட்டட்டுமா என்று கேட்டேன்.

"மொதல்ல உன் படத்த மாட்டு. அப்பால என்னுது."

இதற்கென்ன, நான் படித்தவள், உயிரோடிருப்பவர் படத்தைச் சுவரில் மாட்டினால் ஆயுள் குறையும் என்பதையெல்லாம் நம்பாதவள். அன்றே அத்தையின் படத்தையும் என் படத்தையும் அதே இங்க்கில் போட்டேன். அடுத்த வெள்ளிக்கிழமை, பெரியவர்கள் இருக்கும் சுவரை விட்டு எதிர்ச் சுவரில் புது ஆணி இரண்டு அடித்தேன். சட்டத்தைத் தூக்கினேன். கறுப்பு வெள்ளையில் என் முகம் என்னையே பார்த்தது. கை மேலே போகவில்லை.

"பயமாக்கீதா?" என்றார் அத்தை.

ஆமாம் என்றேன். அவ்வளவுதான், கடற்கரையில் சிரித்த அதே சிரிப்பு. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சோபாவில் சாய்ந்துவிட்டார். எனக்கும் தொற்றிக்கொண்டது. சிரித்துக்கொண்டே இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் மாட்டினோம்.

அத்தை சாமிக்கு வாங்கிய மல்லிகையில் மீதியிருந்த சரத்தோடு வந்து படங்களுக்கு முன்னால் நின்றார். படத்துக்குத்தான் போடப்போகிறார் என்று நினைத்தேன். அவர் சரத்தை இரண்டாகக் கிள்ளினார். ஒரு பாதியை என் தலையில் வைத்தார், மறுபாதியைத் தன் தலையில் வைத்துக்கொண்டார். படத்துக்கு இல்லையா என்று சீண்டினேன்.

"அதுங்களுக்கு எதுக்கு? இங்க ரெண்டு தலை கீதே."