சுவிட்ச் மேலேதான் இருந்தது

என்னோடு டி.வி. ரிப்பேர் படித்த நண்பன் ஒருவன் காரைக்குடி செக்காலை ரோட்டில் வெகுகாலம் வீடியோ கேம் கடை நடத்தினான். எல்லோர் கைக்கும் செல்போன் வந்ததும் கடையில் ஈ ஓட்டினான். கடைசியில் மூடிவிட்டு, மிஞ்சிய ஒரு மிஷினைப் பக்கத்து ஊரான கல்லலில் இருக்கும் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பின்பக்கத் தகரக் கொட்டகையில் போட்டான். பிக்சர் டியூப் வைத்த, ஆளுயர மரப்பெட்டி அது.

போன ஐப்பசி மழையில், அந்தப் பெட்டிக்குள் கையை வைத்தபடியே செத்துக் கிடந்தான்.

கரண்ட் அடித்துத்தான் செத்தான் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. தெரியாமல் கையை விட்டானா, தெரிந்தே விட்டானா என்பதுதான் பேச்சு. கடை போனதிலிருந்து யாரோடும் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தான். "இத்தன வருசம் இதே வேலையாக் கெடந்த ஆளு, கரண்ட் ஓடையில தெரியாமயா கைய விட்டான்?" என்று துக்கத்துக்கு வந்த இடத்திலேயே சொந்தக்காரர்கள் பேசியது என் காதிலும் விழுந்தது.

காரியமெல்லாம் முடிந்தபின் அவன் மனைவி எனக்குப் போன் செய்தது.

"அண்ணே, ஒருதடவ வந்து அந்தப் பொட்டியத் தொறந்து பாருங்க. நான் ஓடிப்போய்ப் பாக்கையில சுவிட்சு மேலதான் இருந்துச்சு, ஆஃப்ல. நான் பிளக்கத்தான் பிடுங்குனேன். சொன்னா யாரும் நம்ப மாட்டேங்கிறாக. பதட்டத்துல நானே அமத்திட்டு மறந்துட்டேனாம்."

"புதுசா எதுவும் வேலை வந்துச்சாம்மா அவனுக்கு?"

"காரைக்குடியில ஒரு ஓட்டல்காரவுக அந்த மிசினக் கேட்டாக, வாசல்ல வைக்கிறதுக்கு. அன்னைக்குக் காலையில சந்தோசமாத்தாண்ணே இருந்தாக."

மறுநாளே போனேன். அவன் மனைவி கொட்டகைக் கதவருகே நின்றது. பக்கத்து வீட்டில் இருக்கும் அவன் தம்பியும் கூட வந்து நின்றான். வீடுகளுக்கு ஒயரிங் செய்கிறவன். கொட்டகைக்குள் வெளிச்சம் போதவில்லை. அவன்தான் டார்ச் பிடித்தான்.

பிளக்கை மாட்டி சுவிட்சைப் போட்டேன். படம் வரவில்லை. திரையின் நடுவே குறுக்காக ஒரே ஒரு வெள்ளைக் கோடு. பாட்டுச் சத்தம் மட்டும் வந்தது. இந்தக் கோட்டைச் சரி செய்யத்தான் நண்பன் பெட்டியின் பின்பக்கக் கதவைக் கழற்றியிருக்கிறான்.

சுவிட்சை அணைத்தேன். கோடு மறைந்தது, பாட்டு நின்றது. வேறு யாராக இருந்தாலும் அடுத்து கையைத்தான் விடுவார்கள். அந்தப் பெண் சொன்னது மனதில் இருந்ததால், நான் டெஸ்டரை எடுத்து உள்ளே ஃப்யூஸின் மேல் வைத்தேன்.

டெஸ்டர் எரிந்தது.

வாசல் மெயினை நிறுத்தச் சொல்லிவிட்டு, சுவரில் இருந்த சுவிட்ச் போர்டைக் கழற்றினேன். கரண்ட் வருகிற சிவப்பு ஒயர் நேராக பிளக் பாயிண்டுக்குப் போயிருந்தது. திரும்பிப் போகிற கறுப்பு ஒயர்தான் சுவிட்சில் மாட்டியிருந்தது. மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். சுவிட்சை அணைத்தால் மிஷின் நின்றுவிடும். ஆனால் அதன் உள்ளே கரண்ட் அப்படியே இருக்கும். ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்றிருக்கிறான்.

"அவன் அமத்திட்டுத்தாம்மா கைய வச்சிருக்கான்," என்றேன். "ஒயர் மாத்திக் குடுத்திருக்கு. அவனுக்குத் தெரிய வழியில்ல."

அந்தப் பெண் தகரக் கதவைப் பிடித்துக்கொண்டது. "அப்ப அவுகளாப் போகலைல்ல?"

"இல்லம்மா."

கதவிலேயே சாய்ந்து அழத் தொடங்கியது. சாவன்று கூட அப்படி அழுததாக எனக்கு ஞாபகமில்லை.

அப்போதுதான் டார்ச் வெளிச்சம் சுவரை விட்டு இறங்கியதைக் கவனித்தேன். தம்பி கீழே உட்கார்ந்திருந்தான்.

"மதினி," என்றான். "இந்தக் கொட்டகைக்கு நாந்தான் லைன் இழுத்தேன்."

அழுகை நின்றது. 'தெரியாமயா கைய விட்டான்' என்று எல்லோரையும்விட அதிகம் பேசியவன் அவன்தான். தான் இழுத்த லைனில் தப்பு இருக்கும் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை.

ஏதாவது செய்யாமல் அங்கே நிற்க முடியவில்லை எனக்கு. ஒயரைச் சரியாக மாற்றிக் கொடுத்து மெயினைப் போடச் சொல்லிவிட்டு, மிஷினின் பிளக்கைப் பிடுங்கிப் போட்டு, டி.வி. போர்டை வெளியே எடுத்துப் பார்த்தேன். ஒரு ஐ.சி.யின் காலைப் பற்றவைத்திருந்த சால்டரில் முடியளவு விரிசல் விட்டிருந்தது. சூடு வைத்து ஒட்டி, திரும்ப மாட்டி சுவிட்சைப் போட்டேன். திரை முழுக்கப் படம் விரிந்தபோது யாருமே நிமிர்ந்து பார்க்கவில்லை.

கிளம்பும்போது அவன் மனைவி வாசல்வரை வந்தது.

"அண்ணே, அவுக அமத்திட்டுத்தான் கைய வச்சாகன்னு எல்லார்ட்டயும் சொல்லுங்க. யாரு ஒயர் மாட்டுனதுன்னு மட்டும் சொல்லிராதீக."

அப்படியே சொன்னேன். சொந்தக்காரர்கள் "அப்படியா" என்று கேட்டுக்கொண்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டார்கள். தம்பிதான் யாரையும் அப்படி விடவில்லை. டீக்கடையில், பஸ்ஸில், பார்க்கிறவர்களிடமெல்லாம் 'ஒயர மாத்தி மாட்டுனது நாந்தான்' என்று தானே சொல்லிக்கொண்டிருக்கிறான் என்று கேள்விப்பட்டேன். அவனை இப்போது யாரும் ஒயரிங் வேலைக்குக் கூப்பிடுவதில்லை.