மூன்று தூண்களும் அக்காவும்

பேனா மூடியால் முதல் கண்ணாடித் தூணை அக்கா இரண்டு தட்டு தட்டுகிறார். அடுத்ததையும், அதற்கடுத்ததையும். "பெரியவளே, நடுவுலவளே, சின்னவளே, மானத்தை வாங்காம ஓடுங்கடி" என்று முணுமுணுத்துவிட்டு, கவிழ்த்துப் போட்ட வாளியில் உட்கார்ந்துகொள்கிறார். நாற்காலி வேண்டாமாம், அதில் உட்கார்ந்தால் தூக்கம் வருமாம்.

மருந்தாலையின் சுத்திகரிப்பு அறையில் எல்லோருக்கும் அவர் அக்கா. எனக்கு மட்டும் கொஞ்சம் மாமியார்.

செல்கள் சுரக்கும் நோய் எதிர்ப்புப் புரதத்தை, தூணுக்குள் அடைத்த நுண்மணிகள் பற்றிக்கொள்ளும். மணிகளோ ஆனை விலை. முன்பு ஒரே பெரிய தூண். புரதம் தப்பிவிடுமே என்று பயந்து, நிரம்புமுன்பே நிறுத்திவிடுவோம். இப்போது மூன்று சின்னத் தூண்கள். முதலாவது நிரம்பி வழியட்டும், வழிவதை அடுத்தது பிடித்துக்கொள்ளும். அதற்குள், முன்பே நிரம்பிய மூன்றாவதைக் கழுவிப் புரதத்தை எடுத்துவிடலாம். ஓட்டம் நிற்காது, பாதி மணி போதும்.

இந்த ஏற்பாட்டைக் கொண்டுவந்த மேதை நான்தான். பயப்பட ஒன்றுமில்லை என்று இரண்டு மொழிகளில் அறிக்கை எழுதினேன், இரண்டிலும் பயப்படுகிறேன். தூண்கள் தாமே மாறும்படி நிரல் எழுதியதும் நான்தான். ஆனால் திரையில் புரதம் கசிவதைக் காட்டும் கோடு லேசாக எழும்பினாலே என் விரல் பொத்தானுக்குப் போய்விடும், தூண் நிரம்புமுன்பே மாற்றிவிடும். மூன்று சோதனை ஓட்டங்கள் இப்படியே போயின. ஒரு சிட்டிகை மணிகூட மிச்சமாகவில்லை. நான்காவதும் அப்படியானால் பழைய தூண் திரும்பி வரும், என் வேலை அனுமதியைப் புதுப்பிக்க மாட்டார்கள் என்று மேலாளர் சிரித்துக்கொண்டே சொன்னார். மனைவி பரணிலிருந்து பெட்டிகளை இறக்கிவிட்டாள். தூசி தட்டத்தானாம்.

இன்று நான்காவது. கோடு எழும்பியது, என் விரலும்.

"எங்க போறீங்க தம்பி?"

வழிகிறது என்றேன்.

"வழியட்டுமே. தங்கச்சி எதுக்கு நிக்கிறா?"

சொன்ன கையோடு, மாதிரி எடுக்கும் குப்பிகள் இரண்டை என்னிடம் கைக்கொன்றாய்த் திணித்தார். "கெட்டியாப் பிடிங்க. கீழ வைக்கக் கூடாது."

ஏனென்று கேட்கத் தோன்றவில்லை. கோடு ஏறிக்கொண்டே போனது. மூக்கு அரித்தது. குறித்த அளவைத் தொட்டதும் வால்வுகள் சடக்கென்று தாமே மாறின. நடுத்தூணைத் தாண்டி ஒரு சொட்டுப் புரதம்கூட வெளியேறவில்லை. அப்போதுதான் கவனித்தேன், குப்பிகள் இரண்டும் காலி.

இன்னும் பதினொரு சுற்றுகள் இருந்தன. அசடு வழியக் குப்பிகளை நீட்டினேன். அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்து, பொத்தானுக்குப் போகும் கையில் இருந்ததை விட்டுவிட்டு, மற்றதை மட்டும் திரும்ப வாங்கிக்கொண்டார்.