குழிக்குள்ளிருந்து இரண்டு தட்டு

இது கட்டுக்கதை அல்ல, எனக்கே நடந்தது. பேய் என்று வாய் திறப்பவர்களைக் கண்டாலே எனக்கு இளக்காரம். அதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சிக்கல் சின்னதுதான். ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் லிஃப்ட் இரண்டாம் மாடியில் நின்றுவிட்டது. அடிக்குழியில் இருக்கும் சிவப்புப் பொத்தான் அமுங்கிக் கிடந்தது. குழியில் இறங்கி வேலை செய்பவன் தலையில் லிஃப்ட் வந்து உட்காரக் கூடாதல்லவா, அதற்கான பொத்தான் அது. அமுக்கினால் லிஃப்ட் அசையாது. கையால் வெளியே இழுத்தால்தான் விடும். எலியால் அமுக்க முடியாது. உள்ளே அவ்வளவு கெட்டியான ஸ்பிரிங்.

அப்படியானால் யார் அமுக்கியது? குழி ஏணியில் சிலந்தி வலைகூட அறுபடவில்லை.

போன மழைக்காலத்தில் அதே குழியில்தான் என்னைப் பாம்பு கடித்தது. கடித்தால் வலிக்காத ஜாதி. முதலில் இமை தொங்கும். பிறகு நாக்கு. பிறகு மூச்சு. எனக்குக் கத்த வரவில்லை. லிஃப்ட் ஓடும் தண்டவாளத்தில் ஸ்பேனரால் விடாமல் தட்டினேன். லிஃப்ட் மெக்கானிக்குகளான எங்கள் இருவருக்குள் ஒரு வழக்கம்: கீழிருந்து இரண்டு தட்டு என்றால் 'சரி, வா'. விடாமல் தட்டினால் ஆபத்து. மேலே நின்ற என் கூட்டாளி நெட்டையன் குதித்து வந்து என்னைத் தூக்கிவிட்டான்.

பிழைத்தேன். ஆனால் என்ன பிழைப்பு! செருப்பைக் குச்சியால் புரட்டிவிட்டுத்தான் போடுகிறேன். சார்ஜர் ஒயரை மனைவி என் கண்ணில் படாமல் ஒளித்துவைக்கிறாள். தூ! நெட்டையன் இருந்தால் சிரித்தே கொன்றிருப்பான். அவனை வேறு கிளைக்கு மாற்றிவிட்டார்களாம். மனைவிதான் சொன்னாள். ஆபீசிலும் அப்படியே சொன்னார்கள்.

இன்று இறங்காவிட்டால் நாளையிலிருந்து வரவேண்டாம் என்று சூப்பர்வைசர் சொல்லியிருந்தார்.

பின்னால் வாட்ச்மேன். "தினம் மத்தியானம் உள்ளேருந்து யாரோ தட்டுறாங்கண்ணே."

"வெயில்ல இரும்பு விரியும். அந்தச் சத்தம்."

"உள்ளதான் வெயிலே வராதேண்ணே."

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். இவனிடம் என்ன பேச்சு? ஏணியில் ஒரு கால் வைத்தேன்.

டங். டங். டங். டங். டங்...

விடாமல்.

இரும்பு இப்படி விரியாது.

காலை இழுத்துக்கொண்டேன். டார்ச் அடித்தேன். மூலையில் ஒரு கறுப்பு ஒயர்...

நகர்ந்தது.

பாம்பு பிடிப்பவர் வந்து அதைப் பையில் போட்டுக்கொண்டு போனார்.

சத்தம் நின்றிருந்தது.

பிறகு...

டங். டங்.

இறங்கினேன். பொத்தானை இழுத்தேன். யாரோ அப்போதுதான் கையை எடுத்ததுபோல... வெதுவெதுப்பாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் நெட்டையன் எந்தக் கிளையில் இருக்கிறான், ஏன் போனை எடுப்பதில்லை என்று மனைவியைக் கேட்டேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"அவரையும் கடிச்சிருக்குங்க. அவருக்கே தெரியல. உங்கள வண்டியில ஏத்திவிட்டுட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்தாரு. எழுந்திருக்கவே இல்ல. நீங்க தாங்க மாட்டீங்கன்னு மறைச்சிட்டோம்."

பேய் என்று உளறுகிறவர்களை இன்றும் நான் மதிப்பதில்லை. நடந்ததற்குக் காரணம் கேட்டால் என்னிடம் இல்லை. வழி மட்டும் இருக்கிறது. எந்தக் குழியானாலும் இறங்குமுன் தண்டவாளத்தில் ஸ்பேனரால் தட்டிவிட்டுக் காத்திருக்கிறேன். பதிலுக்கு இரண்டு தட்டு வந்தால் இறங்குகிறேன். விடாமல் வந்தால் இறங்குவதில்லை.