கொட்டாஞ்சேனையில் அவள் சொன்ன இரகசியம்

யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு வந்து, கொட்டாஞ்சேனை பஸ் தரிப்பில் மகளுக்குப் பால் கொடுக்கிறேன். பக்கத்திலிருக்கும், மலையகத்து ஹட்டனிலிருந்து வந்ததாகச் சொன்ன பெண்ணின் சட்டையும் பாலில் நனைந்திருக்கிறது.

“பிள்ளை எங்க, தங்கச்சி?”

“ஊர்லக்கா. எட்டு மாசம். கைக்குழந்தை இருந்தா வெளிநாட்டுக்கு விடமாட்டாங்களாம். புள்ளையே இல்லன்னு சொல்லச் சொன்னாரு ஏஜென்ட்.”

துபாயில் வீட்டுவேலையாம், போவது விசிட் விசாவில்.

“போகாதேங்கோ. இப்பிடிப் போற பிள்ளையளை அங்க வித்துப்போடுறாங்கள்.”

“நீங்க சொல்லிட்டுப் போயிருவீங்க. எம்புள்ளைக்குப் பால்மா யாரு வாங்குவா?”

ஏஜென்டின் வான் வருகிறது. துவாயால் மார்பை மூடிக்கொண்டு ஏறிவிடுகிறாள்.

நான் செய்வது சரிதானா தெரியவில்லை. ஆட்கடத்தல் முறைப்பாட்டு இலக்கத்துக்கு அழைத்து, வானின் இலக்கத்தைச் சொல்கிறேன்.

“அவவுக்குச் சின்னப்பிள்ளை இருக்கோ?” என்று கேட்கிறார்கள்.

என் மகளை இறுக்கிக்கொள்கிறேன்.

“ஓம், இருக்கு.”